அறைவிட்டு அறை ஓடும் ஆட்டம்

உள்ளறையில் கணினி விசிறி இரைய ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டமோ கூடத்து டிவியில் நடக்கும். இடையில் இருப்பது வீட்டு ரௌட்டர் மட்டும். வால்வ் நிறுவனம் 2014இல் ஸ்டீம் என்ற தன் ஆட்டத் தளத்தில் இந்த வசதியைத் தந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது மூன்லைட். அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் எழுதத் தொடங்கிய இலவசச் செயலி. அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம்.

நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. கிராபிக்ஸ் கார்டு வரைந்த படத்தை, அந்தக் கார்டுக்குள்ளேயே இருக்கும் தனிச் சுற்று வீடியோவாகச் சுருக்குகிறது. அது வைஃபையில் வந்து டிவிப் பக்கம் விரிகிறது. நாம் பட்டனை அழுத்திய செய்தி எதிர்த்திசையில் ஓடுகிறது. சினிமாவைப் போல முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வழியில்லை, அடுத்த படம் எதுவென்று நம் விரல்தானே முடிவுசெய்கிறது! இத்தனை இருந்தும், கார் பந்தய ஆட்டத்தில் வளைவில் ஸ்டிக்கைச் சாய்த்தால் கார் அப்போதே திரும்புகிறது. எழுதியவர்களின் கைத்திறன் அங்கேதான் தெரிகிறது.

கார் பந்தயம், கதை ஆட்டங்கள் எல்லாம் சுகம். ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் சுட வேண்டிய போட்டிகளுக்குக் கணினி முன்னால் உட்காருவதே சரி. முயல்பவர்கள் ஒன்று செய்யுங்கள்: கணினியையாவது கேபிளில் ரௌட்டரோடு இணைத்துவிடுங்கள். தடுமாற்றம் பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும்.