கொடை வினாவும் கொளல் வினாவும்: இணையக் கடன் தளங்களில் முதலீட்டாளரின் கேள்விகள்

திறவுச்சொற்கள்: நன்னூல், வினா, விடை, இணையவழிக் கடன், பிராஸ்பர், லெண்டிங் கிளப்

நன்னூல் கூறும் வினா ஆறு, விடை எட்டு என்னும் பகுப்பு, நம் வகுப்பறைகளில் மாறாத சில எடுத்துக்காட்டுகளோடு நின்றுவிடுகிறது. அரிசி உண்டா என வணிகரிடம் கேட்பது கொளல் வினா. ஆடை இல்லையா என வறியவரிடம் கேட்பது கொடை வினா. கேட்பவரின் நோக்கமே இவ்விரண்டையும் பிரிக்கிறது. யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் அந்நோக்கமே முடிவு செய்கிறது என்பது எளிதில் கவனத்துக்கு வராத செய்தி. இணையக் கடன் தளங்களின் வரலாற்றை இச்செய்தியைக் கொண்டு மதிப்பிடலாம்.

அமெரிக்காவில் 2006 பிப்ரவரியில் பிராஸ்பர் தளம் தொடங்கப்பெற்றது. தனிமனிதர் தனிமனிதருக்குக் கடன் தரும் முறை அது. வேண்டுவோரால் அப்போது 25,000 டாலர் வரை கோர முடிந்தது. தருவோரால் 50 டாலரிலிருந்து பங்கேற்க முடிந்தது. விண்ணப்பத்தில் கடன்தர மதிப்போடு, விண்ணப்பதாரர் தம்மைப் பற்றி எழுதிய குறிப்பும் இருந்தது. அதைப் படித்தவரால் தளத்தின் வழியாகவே அவரிடம் கேள்வி எழுப்ப முடிந்தது. விடையைப் பிறர் காண வெளியிடுவது விண்ணப்பதாரரின் விருப்பமாக இருந்தது. இக்கேள்வி கொடை வினாவின் பாற்படும். நன்னூலார் கருதிய கொடை மீளாதது, இதுவோ வட்டியோடு மீள்வது எனலாம். ஆயினும், கொடுக்கும் நோக்குடன் கொள்பவரையே வினவுதல் என்னும் அமைப்பு இரண்டுக்கும் பொது.

விடைகள்தாம் சிக்கலானவை. 'தவணை தவறுமா?' என்னும் வினாவுக்கு, 'வாடகை ஒருபோதும் தவறியதில்லை' என்றால் இனமொழி. 'சென்ற ஆண்டு அறுவை சிகிச்சை நடந்தது' என்றால் உற்றது உரைத்தல். 'அடுத்த மாதம் ஊதியம் உயரும்' என்றால் உறுவது கூறல். இவை நாம் அமைத்துக்கொண்ட மாதிரிகள். மூன்றும் நேர்விடை அல்ல. மூன்றும் நம்பத் தூண்டுவன. ஹெர்ஸன்ஸ்டைன், சோனன்ஷைன், தோலக்கியா ஆகியோரின் 2011ஆம் ஆண்டு ஆய்வு, நேர்மையாளர், உழைப்பாளி, சமயப் பற்றுடையவர் எனத் தம்மை அடையாளப்படுத்திக் கொள்ளும் கூற்றுகள் மிகுந்தால் கடன் கிடைக்கும் வாய்ப்பு மிகுவதையும், திருப்பிச் செலுத்துவது குறைவதையும் காட்டியது. நெட்சர், லெமேர், ஹெர்ஸன்ஸ்டைன் ஆகியோரின் 2019ஆம் ஆண்டு ஆய்வு, கடவுளையும் குடும்பத்தையும் குறித்து மன்றாடும் சொற்கள் கடன் தவறியோர் எழுத்தில் மிகுதி என்றது. இவ்விரு ஆய்வுகளும் மதிப்புடையனவே. எனினும் அவை விண்ணப்பக் குறிப்பையே தரவாகக் கொண்டன. வினா எவ்வாறு விடையை வடிவமைத்தது என்னும் கேள்வி அவற்றில் எழவில்லை. சொல்லைச் சொல்பவரின் பண்பாகவே காணும் இப்பார்வை, உரையாடலின் மற்றொரு பாதியை விட்டுவிடுகிறது.

2008 நவம்பரில், பதிவு செய்யாத பத்திரங்களை விற்றதாக அமெரிக்கப் பத்திரங்கள், பரிவர்த்தனை ஆணையம் பிராஸ்பர்மீது தடையாணை பிறப்பித்தது. 2009 ஜூலையில் தளம் மீண்டும் திறந்தபோது, முதலீட்டாளர் வாங்கியது கடனாளியின் பத்திரத்தை அன்று. கடனாளி செலுத்தினால் மட்டும் பணம் தரும், தளமே வெளியிடும் பத்திரத்தை. லெண்டிங் கிளப் 2008 அக்டோபரிலேயே இம்முறைக்கு மாறியிருந்தது. கொடுத்தவர் இப்போது கொள்பவர் ஆனார். கொடை வினா கொளல் வினா ஆயிற்று. ஆகவே விடை கூற வேண்டியவர் விற்பவராகிய தளத்தாரே. ஆனால் கேள்விகள் தொடர்ந்து கடனாளியிடமே திருப்பிவிடப்பட்டன. கடனாளி தரும் தகவல் பொய்யாக இருக்கலாம், பெரும்பாலும் சரிபார்க்கப்படுவதில்லை என்னும் எச்சரிக்கை விற்பனை ஆவணத்தில் இடம்பெற்றது. அரிசியைப் பற்றி உழவரிடம் கேட்டுக்கொள்க என்று வணிகர் கூறுவதற்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை.

பின்னர் லெண்டிங் கிளப் தளத்தில் கேள்விகள் முன்வகுத்த ஒரு பட்டியலுக்குள் அடக்கப்பட்டன; பின்னர் அதுவும் நீக்கப்பட்டது. நீக்கத்துக்குத் தக்க காரணம் உண்டு. கடன் தருவதில் இனம், பால், மணநிலை பார்ப்பதை அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது; ஆயிரம் பேர் கேட்கும் கேள்விகளைக் காவல் காப்பது கடினம். ஒத்த கடன்தரம் உடையோருள் கறுப்பினத்தவரின் படம் இடம்பெற்ற விண்ணப்பங்கள் நிதி பெறும் வாய்ப்பு 25 முதல் 35 விழுக்காடு குறைவு எனப் போப், சிட்னர் ஆகியோர் பிராஸ்பர் தரவிலிருந்தே காட்டினர். கேள்வியும் அத்தகைய சல்லடையாகக் கூடும். கடனாளியை விசாரணையிலிருந்து விடுவித்தது சரியே. ஆனால் அவர் விட்ட இடத்தில் தளம் வந்து நிற்கவில்லை என்பதே நம் மறுப்பு.

இந்திய ரிசர்வ் வங்கி 2017 அக்டோபரில் வெளியிட்ட நெறிமுறை ஒரு படி முன்னே சென்றது. கடனாளியை மதிப்பிட்டு, அவர் அடையாளம், கோரும் தொகை, வட்டி, கடன்தர மதிப்பு ஆகியவற்றைக் கடன் தருவோருக்குத் தெரிவிப்பது தளத்தின் கடமை. வாராக்கடன் பங்கையும் வெளியிட வேண்டும். 2024 ஆகஸ்ட் திருத்தம், கடன் தருவோர் அடைந்த இழப்பையும் வெளியிடச் சொன்னது. ஒவ்வொரு கடனாளிக்கும் தருபவரின் தனி ஒப்புதல் தேவை என்றும் விதி உண்டு. அவ்வொப்புதலுக்கு முன் வினவும் உரிமையைப் பற்றி நெறிமுறை பேசவில்லை. முறையீட்டுக்கு மட்டும் வழியும், ஒரு மாதம் என்னும் கெடுவும் உள்ளன. பெரும்பாலும் பணம் கைமாறிய பின்னரே முறையீடு எழும்.