டார்ச்சுக்கும் தகட்டுக்கும் நடுவே

வீட்டுக் கொட்டகையில் சிஎன்சி பிளாஸ்மா டேபிள் கட்டியவரைப் பார்க்கப் போனால், அவர் முதலில் காட்டுவது கேன்ட்ரியைத்தான். தைவான் ரெயில், மாட்யூல் ஒன்று ரேக், மூன்றுக்கு ஒன்று பெல்ட் குறைப்பு, நிமா 23 மோட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். ஒற்றை விரலால் தள்ளி, அது வழுக்கிக்கொண்டு ஓடுவதைக் காட்டுவார். வந்தவர் விஷயம் தெரிந்தவராக இருந்தால், அவருடைய கண் அதற்குள் கேன்ட்ரியின் முன்பக்கம் தொங்கும் இசட் அச்சுக்குப் போயிருக்கும். டார்ச்சை இரண்டு விரலால் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்ப்பார். அது தடையில்லாமல் எழுந்து, விட்டதும் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தால் டேபிள் தேறிவிட்டது. கரகரத்தாலோ பக்கவாட்டில் ஆடினாலோ, அந்த ரெயிலுக்குக் கொடுத்த காசு தண்டம்.

டேபிள் கட்டுகிறவர்களின் செலவுக் கணக்கு பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. 45 ஆம்பியரில் பிளாஸ்மா விட்டுச்செல்லும் பள்ளமே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அகலம். அதை ஓட்டிப் போக மைக்ரான் கணக்கில் துல்லியமான ரெயில் எதற்கு? ஆங்கிள் இரும்பின் மேல் வீ-குரூவ் பேரிங் ஓடும் டேபிள்கள்கூட அருமையாக வெட்டுகின்றன. எக்ஸ், ஒய் இரண்டிலும் வேண்டியது சட்டென்று கிளம்பிச் சட்டென்று திரும்பும் சுறுசுறுப்பு. அதற்கு எடை குறைந்த கேன்ட்ரி போதும். டேபிளின் தரம் முடிவாவது மேலும் கீழுமான அசைவில்.

ஹைப்பர்தெர்ம் நிறுவனத்தின் பவர்மேக்ஸ்45 பிளாஸ்மா கட்டரின் கையேட்டில், வழக்கமான 45 ஆம்பியர் முனைக்கான அட்டவணையில் இரண்டு எண்கள் உண்டு. துளையிடும்போது டார்ச் நிற்க வேண்டிய உயரம் 3.8 மி.மீ.; வெட்டும்போது 1.5 மி.மீ. ரசிகர்களுக்கு இவை மனப்பாடம். தகடு சமமாகக் கிடக்கும்வரை இரண்டாவது எண்ணைக் காப்பாற்றுவது சுலபம். ஆனால் 16 கேஜ் ஷீட் அப்படிக் கிடப்பதில்லை. வெட்டு பாதி ஓடுவதற்குள் சூட்டில் ஒரு பக்கம் எழும்பும், இன்னொரு பக்கம் தாங்குபட்டைகளுக்கு நடுவே தொய்யும். ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடும் டார்ச்சுக்கு இரண்டு மில்லிமீட்டர் எழுச்சி என்றால் முட்டல் நிச்சயம். நாசில் காலி, துண்டும் காலி.

“நல்ல சமமான தகடு வாங்கினால் உயரக் கட்டுப்பாடே தேவையில்லை” என்று ஒரு கட்சி எப்போதும் உண்டு. 10 மி.மீ. பிளேட்டில் சிறு சிறு பிளாஞ்சு மட்டும் வெட்டுகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு அது பலித்தும் விடுகிறது. நாலடிக்கு எட்டடி மெல்லிய ஷீட் ஒன்றை முழுக்க வெட்டி எடுக்கச் சொன்னால் பேச்சு மாறும்.

நல்ல இசட் அச்சு வேலை செய்வதைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். டார்ச் வேகமாக இறங்கி, தகட்டை நெருங்கியதும் நிதானிக்கிறது. முனை தொடுகிறது. அச்சு இன்னும் கொஞ்சம் இறங்க, டார்ச்சைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்லைடு மட்டும் மிதந்து மேலேறி சுவிட்சைத் தட்டுகிறது. மெல்லிய ஷீட்டானால் டார்ச்சின் எடையிலேயே அதற்குள் சற்று அமுங்கியிருக்கும். ஆகவே சுவிட்ச் தட்டிய இடத்தை அப்படியே நம்பக் கூடாது. எந்திரம் அங்கிருந்து மெல்ல மேலே வந்து, சுவிட்ச் விடுபடும் புள்ளியைப் பிடித்து, ஸ்லைடின் ஓட்டத்தைக் கழித்து, அதைத் தகட்டின் மேற்பரப்பு என்று குறித்துக்கொள்கிறது. பிறகு 3.8 மி.மீ. ஏறி நின்று ஆர்க் மூட்டுகிறது. 6 மி.மீ. பிளேட் என்றால் அரை நொடி போல அசையாமல் நிற்கும். அந்த அரை நொடியும் பொறி மேலே குடையாக விரியும். தகடு துளைபட்டதும் அத்தனையும் கீழே திரும்பும். டார்ச் 1.5 மி.மீ.க்கு இறங்கிக் கிளம்பும்போது சீறல் ஒரே சீரான இரைச்சலாக மாறும். அந்த மாற்றத்தைக் காதால் கேட்டே வெட்டு நன்றாக வருமா என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மிதக்கும் ஸ்லைடு பழைய பாணி என்று ஒதுக்குகிறவர்கள் ஓமிக் உணர்வியின் பக்தர்கள். டார்ச்சின் ஷீல்டில் ஒரு கம்பியை இணைத்துவிட்டால் தகட்டில் பட்ட கணமே சர்க்யூட் மூடிக்கொள்ளும், ஷீட் அமுங்க வேண்டியதில்லை. வாதம் சரிதான். ஆனால் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வெட்டும்போது ஷீல்டுக்குள் ஒரு துளி தெறித்திருந்தால் தொடாமலே தொட்டதாகச் சொல்லும். துருவோ பெயின்டோ படிந்த தகட்டில் தொட்டும் பேசாமலிருக்கும். காயலான் கடையில் எடுத்த பிளேட்டை வெட்டுகிற வீட்டுப் பட்டறைக்கு இரண்டும் இருப்பது உத்தமம். ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் ஸ்லைடு.

இந்த இசட் அச்சின் மறுபாதி மென்பொருளில் இருக்கிறது. அமெரிக்க அரசின் தர அளவை நிறுவனமான நிஸ்ட், 1990களில் தொழிற்சாலை எந்திரங்களுக்காக எழுதிப் பொதுவில் விட்ட கட்டுப்பாட்டு மென்பொருள்தான் வளர்ந்து இன்றைக்கு லினக்ஸ்சிஎன்சி ஆகியிருக்கிறது. அதோடு தன்னார்வலர்கள் சேர்த்த பிளாஸ்மா பகுதியைப் போல் ஆர்க்கைப் புரிந்துகொண்டு எழுதிய வேறொன்று இந்த விலையில் கிடையாது, விலையே கிடையாது. பவர்மேக்ஸின் பின்பக்க போர்ட், ஆர்க்கின் 120 வோல்ட்டை ஐம்பதில் ஒரு பங்காக்கி 2.4 வோல்ட்டாகத் தருகிறது. மேசா நிறுவனத்தின் டிஎச்சிஏடி என்ற சிறு அட்டை அந்த வோல்ட்டைத் துடிப்புகளாக மாற்றி அனுப்புகிறது. துடிப்பை எண்ணுவது சுலபம், மின் இரைச்சல் அதை எளிதில் கெடுக்காது.

இதில் ரசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எலக்ட்ரோடின் நுனியில் பதித்த ஹாஃப்னியம் தேயத் தேய ஆர்க் உள்வாங்கி நீள்கிறது. டார்ச் அதே உயரத்தில் இருந்தாலும் வோல்ட் கூடுகிறது. இந்தத் தடிமனுக்கு இத்தனை வோல்ட் என்று அட்டவணை எண்ணை மட்டும் பிடித்துத் தொங்கும் கட்டுப்பாடு, டார்ச் உயர்ந்துவிட்டதாக நினைத்து அதைக் கீழே இறக்கிக்கொண்டே வரும். காலையில் அழகாக வெட்டிய டேபிள் சாயங்காலம் தகட்டை உரசுவது இதனால்தான். லினக்ஸ்சிஎன்சியின் தானியங்கி முறை அட்டவணையைக் கேட்பதில்லை. ஒவ்வொரு வெட்டின் தொடக்கத்திலும், டார்ச் 1.5 மி.மீ.க்கு வந்ததும், அப்போது ஓடும் வோல்ட்டை அளந்து அதையே அந்த வெட்டின் இலக்காக வைத்துக்கொள்கிறது. எலக்ட்ரோடு புதிதோ பழையதோ, கணக்கு தானாகச் சரியாகிறது. ஆனால் தொட்டுப் பார்த்த உயரம் தப்பென்றால், அந்தத் தப்பான உயரத்தையே வெட்டு முழுக்கக் காப்பாற்றும். இரண்டு விரலால் டார்ச்சைத் தூக்கிப் பார்க்கிறவர் தேடுவது இதைத்தான்.

மூலைகளிலும் இதே கதை. திரும்புவதற்காக வேகம் குறைந்ததும் பள்ளம் அகலும், வோல்ட் ஏறும், டார்ச் குனியும். வேகம் ஒரு வரம்புக்குக் கீழே போனால் உயரத்தை அப்படியே பூட்டிவிடும்படி அமைத்தவரின் மூலைகள் கூராக வரும். அமைக்காதவர் நாசில் கடைக்கு நடப்பார்.

வெட்டிய துண்டைக் கையில் எடுத்ததும் ரசிகர் அதைக் கவிழ்த்துத்தான் பார்ப்பார். அடியில் பெரிய கட்டிகளாகக் கசடு தொங்கி, சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் உதிர்ந்தால், வேகம் போதவில்லை. மணல் மாதிரிப் பொடிப்பொடியாக ஒட்டி, கிரைண்டருக்கும் மசியாமல் அடம்பிடித்தால், வேகம் அதிகம். அடுத்து விளிம்பு. மேல்பக்கம் கூடுதலாகத் தின்னப்பட்டிருந்தால் டார்ச் உயரத்தில் ஓடியிருக்கிறது. அடிப்பக்கம் என்றால் தாழ்ந்து. விளிம்பின் மெல்லிய கோடுகள் சீராக, லேசாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கோடுகள் நடுவழியில் சாய்வு மாறியிருந்தால் அங்கே இசட் தடுமாறியிருக்கிறது. கடைசியாக எந்தப் பக்கம் செங்குத்து என்று பார்ப்பார். வழக்கமான டார்ச்சில் வாயு சுழலும் திசையால், போகும் வழிக்கு வலப்பக்கமே நேராக வரும். அதனால் வெளிவரம்பைக் கடிகார திசையிலும் துளைகளை எதிர் திசையிலும் வெட்ட வேண்டும். இது தெரியாமல் வெட்டிய பிளாஞ்சில் ஓட்டை நேராக இராது, போல்ட் ஒரு பக்கம் சாய்ந்தே உட்காரும்.

பிளாஸ்மா ஆர்க்கின் காப்புரிமையை யூனியன் கார்பைடின் ராபர்ட் கேஜ் பெற்றது 1957இல். டிக் கவுச்சும் பாப் டீனும் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹைப்பர்தெர்மைத் தொடங்கியது 1968இல். பிளாஸ்மா வெகுகாலம் பெரிய ஆலைகளின் சொத்தாகவே இருந்தது. கொட்டகைக்கு வந்தது மேக்3 மென்பொருளோடு. பேரலல் போர்ட் இருக்கிறது என்பதற்காகவே பழைய கம்ப்யூட்டரைத் தேடிப் பிடித்து, அதில் விண்டோஸ் எக்ஸ்பி போட்டு ஓட்டிய காலம் அது. அன்றைக்குப் பலர் கையில் இருந்தது உயர் அதிர்வெண்ணில் ஆர்க் மூட்டும் கட்டர். அதன் பட்டனை அழுத்தியதும் திரை உறையும், மோட்டார் துள்ளும், சில நேரம் போர்டே போய்விடும். பவர்மேக்ஸ் டார்ச்சுக்குள்ளேயே எலக்ட்ரோடைப் பின்னுக்குத் தள்ளி ஆர்க் மூட்டுவதால் அந்த இரைச்சல் இல்லை. வீட்டு டேபிள்காரர்கள் அதன் மேல் மையல் கொண்டதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அந்தத் தொல்லை ஒரு நல்ல பழக்கத்தையும் கொடுத்திருந்தது. எல்லா எர்த் கம்பிகளையும் ஒரே புள்ளியில் சேர்ப்பது, அங்கிருந்து செம்புக் கம்பியைத் தரையில் அடிப்பது, டார்ச் லீடை சிக்னல் கேபிளோடு சேர்த்துக் கட்டாமலிருப்பது என்று பழைய ஆட்கள் பட்டுப் பட்டுக் கற்றார்கள். இப்போது பெட்டியில் வரும் ரெடிமேட் டேபிளை ஒரு சனிக்கிழமையில் பூட்டிவிடுகிறார்கள். வெட்டு கெட்டதும் கம்ப்ரசர் காற்றில் ஈரம் இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. டிரையர் இல்லாத காற்று ஹாஃப்னியத்தை எத்தனை வேகமாகத் தின்னும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அலுமினியம் வெட்டிய துகள் தண்ணீர்த் தொட்டியில் கிடந்து ஹைட்ரஜன் விடும், அது தகட்டுக்கடியில் தேங்கினால் வெடிக்கும் என்பதையும் சொல்வதில்லை. இது ரசனைக் குறை என்று விட்டுவிடக் கூடிய விஷயம் அல்ல.

வரைபடங்களின் தரமும் இறங்கிவிட்டது. இறக்கிய டிஎக்ஸ்எஃப் கோப்பில் ஒரு வளைவு ஆயிரம் குட்டிக் கோடுகளாக உடைந்து கிடக்கிறது. மோட்டார் அதில் நடுங்கிக்கொண்டே போகிறது, அந்த நடுக்கம் அப்படியே விளிம்பில் பதிகிறது. பொறுமையுள்ளவர் அதை உண்மையான வில்களாகத் திருத்தி வரைந்துகொள்வார். இன்று தமிழ்நாட்டுத் தெருக்களில் சிஎன்சி கட்டிங் கேட் இல்லாத புது வீடு அரிது. ஒரே மயில், ஒரே கொடி, தெருவுக்குத் தெரு. பெயின்டுக்கடியில் கிரைண்டர் போட்ட தடம் தெரிகிறது. பக் கட்டிங் மெஷினையும் கேஸ் கட்டரையும் வைத்துக்கொண்டு, சாக்பீஸில் தானே வரைந்து வெட்டிய பழைய பட்டறைக்காரரின் கேட்டில் கோடு கொஞ்சம் கோணும். ஆனாலும் அது அவருடைய கொடி என்று அடையாளம் தெரியும்.

அந்தக் கேட்டுகளில் பலவற்றை இப்போது ஃபைபர் லேசர் வெட்டுகிறது. பிளாஸ்மாவின் காலம் முடிந்தது என்கிறார்கள் லேசர் அபிமானிகள். மெல்லிய ஷீட்டில் லேசரின் வெட்டு சுத்தம், பள்ளம் குறுகல், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் கொட்டகையில் கிடக்கும் துருப்பிடித்த 12 மி.மீ. பிளேட்டை வெட்டும் லேசர் இன்னும் வீட்டுக்காரர் வாங்கும் விலைக்கு இறங்கவில்லை. அந்த லேசர்களின் தலையிலும் தகட்டுக்கும் முனைக்கும் உள்ள இடைவெளியை ஓயாமல் அளக்கும் கபாசிட்டிவ் உணர்வி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. உயரம் காப்பதே முதல் வேலை என்பதை லேசர்காரர்கள் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

புதிதாக டேபிள் கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரெயிலுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை எடுத்து, ஆட்டமில்லாத ஸ்லைடு, நம்பகமான சுவிட்ச், காற்று டிரையர் மூன்றையும் முதலில் வாங்குங்கள். முதன்முதலாக வெட்டிய துண்டுக்குக் கிரைண்டர் போடாதீர்கள். அதன் மேலேயே மார்க்கரால் தடிமன், ஆம்பியர், வேகம், வோல்ட் நான்கையும் எழுதி ஆணியில் மாட்டிவையுங்கள். அடுத்த எலக்ட்ரோடு மாற்றும் நாளில் அதே கோப்பை மறுபடி வெட்டி, இரண்டையும் கவிழ்த்து வைத்துப் பாருங்கள்.