பெயர் நாலு, என்ஜின் ஒன்று

குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ் என்று பிரவுசர்களுக்குள் பலத்த போட்டி என்கிறார்கள். உள்ளே ஓடுவது எல்லாம் ஒரே குரோமியம்தான். 2018-இல் மைக்ரோசாஃப்டே சொந்த என்ஜினைக் கைவிட்டு இதற்கு மாறுவதாக அறிவித்துவிட்டது. தனியாக நிற்பவை ஆப்பிளின் வெப்கிட்டும் ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோவும். அந்த ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகிள் தரும் தேடல் ஒப்பந்தப் பணம். படியளக்கிறவனோட எப்படிங்க மல்லுக்கு நிக்கிறது?

நெட்ஸ்கேப்பை ஒழித்தபின் மைக்ரோசாஃப்ட் தூங்கியது. ஐஇ 6 வந்தது 2001, ஐஇ 7 வந்தது 2006. (டைனமிக் ஃபாண்ட் போட்ட தமிழ்த் தளங்கள் ஐஇயில் மட்டும் ஒழுங்காகத் தெரிந்த காலம்.) கூகிள் அப்படித் தூங்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அதுதான் பயம். விளம்பரத்தில் பிழைக்கும் கம்பெனி, மானிஃபெஸ்ட் வி3 என்று கொண்டுவந்து விளம்பரத் தடுப்பான்களின் கையைக் கட்டியது. யுபிளாக் ஆரிஜின் குரோமில் முடங்கியது. ஃபயர்ஃபாக்ஸில் இன்னும் முழுசா ஓடுது.