விதியை விட்டு வேடத்தை எடுத்தவர்கள்

வீடியோ கேமிலிருந்து எடுக்கப்பட்ட மாயாஜாலப் படம் ஒன்று வெளியானால், விமர்சனங்கள் பெரும்பாலும் இரண்டே தடத்தில் ஓடுகின்றன. கேமைத் தொட்டே பார்க்காத விமர்சகர், ‘யாரோ விளையாடுவதைப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்த மாதிரி இருக்கிறது’ என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார். வருடக்கணக்கில் விளையாடிய ரசிகரோ வாளின் கைப்பிடியில் பதித்த கல் சரியான நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். முதலாமவருக்கு மூலம் தெரியாது, இரண்டாமவருக்கு மூலத்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. படம் நடுவில் அநாதையாக நிற்கும்.

இந்தப் படங்களை அளக்க எனக்குப் பயன்படும் கோல் வேறு. ஒரு கேம் நம்மைப் பிடித்து வைத்திருப்பது அதன் விதிகளால். எது முடியும், எது முடியாது, முடிந்ததற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பவை அங்கே கறாராக வரையறுக்கப்பட்டிருக்கும். மாயக்கதைக்கும் உயிர்நாடி இதுதான். விலையில்லாத மந்திரத்தில் கதை பிறக்காது. ஆகவே கேட்க வேண்டியது, படம் அந்த உலகத்தின் விதியை எடுத்துக்கொண்டதா, வேடத்தை மட்டும் எடுத்துக்கொண்டதா என்பதுதான்.

ஜோர்டன் மெக்னர் 1989-இல் ஆப்பிள் 2 கணினிக்காக உருவாக்கிய ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ இதற்கு நல்ல உதாரணம். தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம்பிடித்து, அந்த அசைவுகளைச் சட்டம் சட்டமாக வரைந்து உருவாக்கிய நாயகன் அவன். ஆட்டத்தை முடிக்க 60 நிமிடம்தான் அவகாசம். கணினியின் நினைவகத்தில் இன்னொரு பாத்திரத்தை வரைந்து வைக்க இடமில்லாமல் போனபோது, நாயகனின் உருவத்தையே நிறம் திரித்து ஒரு நிழல் மனிதனை உண்டாக்கினார் மெக்னர். கண்ணாடியைத் தாண்டிக் குதிக்கும்போது அதிலிருந்து வெளியே பாய்கிறான் அவன். பின்னால் ஓரிடத்தில் வாளோடு எதிரே வந்து நிற்கிறான். அவனை வெட்டினால் நம் உயிர்தான் குறைகிறது. வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடந்தால் இருவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். அதுவரை எதிரியைக் கண்டால் வாளை உருவு என்று நம் விரல்களைப் பழக்கிய ஆட்டம், அந்த ஓரிடத்தில் பழக்கத்தையே கைவிடச் சொல்கிறது. வசனம் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு திரைக்கதையாசிரியர் இதைவிட என்ன கேட்டுவிட முடியும்?

யூபிசாஃப்ட் நிறுவனம் 2003-இல் கொண்டுவந்த ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ இன்னொரு விதியைக் கண்டுபிடித்தது. இளவரசனிடம் காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் குறுவாள் ஒன்று இருக்கிறது. அதில் மணல் உள்ள அளவுக்குத்தான் திருப்ப முடியும். கதையைச் சொல்பவன் இளவரசனே. நாம் தவறி விழுந்து செத்துப்போனால், இல்லை, நடந்தது அப்படி இல்லை என்று தன்னையே திருத்திக்கொண்டு மறுபடி தொடங்குகிறான். வீடியோ கேமில் செத்துச் செத்துப் பிழைப்பது என்ற பழைய அபத்தத்தைக் கதைசொல்லியின் ஞாபகப் பிசகாக மாற்றிய சாமர்த்தியம் அது.

மைக் நியூவெல் இயக்கி 2010-இல் வந்த திரைப்படத்துக்கு இத்தனை செல்வமும் கையில் இருந்தது. படக்கதையில் மெக்னரின் பெயரும் உண்டு. சுமார் 20 கோடி டாலர் செலவு. ஜேக் கில்லன்ஹால் நன்றாகவே தாவுகிறார். ஆனால் கதைசொல்லி இல்லை, நிழல் மனிதன் இல்லை. மணல் நிறைந்த குறுவாள் மட்டும், ஆளுக்கு ஆள் பறித்துக்கொண்டு ஓடும் பொருளாக எஞ்சிவிட்டது.

ஒரே ஒரு காட்சி விலக்கு. தன் பேச்சை அண்ணன் துஸ் நம்ப மாட்டான் என்று தெரிந்த நாயகன் தஸ்தான், அவன் கண்ணெதிரே அதே குறுவாளால் தன்னைக் குத்திக்கொண்டு சாகிறான். கைப்பிடியில் உள்ள கல்லை அண்ணன் அழுத்தினால்தான் தம்பிக்கு உயிர். அழுத்துகிறான், காலம் திரும்புகிறது. விதி இங்கே பாசத்துக்கு வைத்த சோதனையாக மாறுகிறது. படம் முழுக்க இப்படி இருந்திருக்கலாம். மாறாக, கடைசியில் காலம் மொத்தமாகத் திரும்பி, செத்தவர் அனைவரும் பிழைத்துவிடுகிறார்கள். 2003 கேமின் முடிவிலும் காலம் திரும்புகிறது, ஆனால் அங்கே இளவரசன் தான் பட்டதையெல்லாம் இளவரசியிடம் சொல்லியும் அவளுக்கு எதுவும் நினைவில்லை என்ற வலி கனமாக இறங்குகிறது. படத்திலும் இளவரசிக்கு நினைவில்லைதான். அதை ஒரு புன்னகையோடு தாண்டிக் கல்யாணப் பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

இடையில் வந்த சிலவற்றை நின்று பார்க்க வேண்டியதில்லை. ‘டஞ்சன் சீஜ்’ கேமை வைத்து ஊவே போல் எடுத்த ‘இன் தி நேம் ஆஃப் தி கிங்’ படத்தில் ஜேசன் ஸ்டேதம் இருக்கிறார் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. 2001-இல் வந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி’ கதாநாயகியின் தலையில் ஏறத்தாழ 60,000 முடியிழைகளைத் தனித்தனியே கணினியில் அசைத்துக் காட்டியது. கேமின் பெயரைத் தவிர மற்றதை அநேகமாகக் கேமிலேயே விட்டுவிட்டு வந்தது.

டங்கன் ஜோன்ஸின் ‘வார்கிராஃப்ட்’ (2016) விஷயம் அப்படியல்ல. விமர்சகர்கள் இந்தப் படத்துக்கு அநியாயம் செய்தார்கள் என்பது என் கட்சி. 1994-இல் பிளிசார்ட் வெளியிட்ட முதல் கேமில் மனிதர் பக்கமும் ஆடலாம், ஓர்க் என்னும் வேற்றினத்தின் பக்கமும் ஆடலாம். எந்தப் பக்கம் உட்காருகிறோமோ அதுவே நம் பக்கம். ஹாலிவுட் வழக்கப்படி ஓர்க்குகளை அழித்துத் தள்ளும் அரக்கக் கூட்டமாக்கியிருந்தால் வேலை சுலபம். தானே அந்த கேமின் ஆட்டக்காரரான ஜோன்ஸ் கதையை இரண்டு தரப்புக்கும் பங்கிட்டார். முதலில் நாம் நெருங்கிப் பார்க்கும் குடும்பமே டுரோடன் என்ற ஓர்க் தலைவனும் நிறைமாதமாக இருக்கும் அவன் மனைவியும்தான். கேமின் அடிப்படை விதி படத்தின் பார்வையாகவே மாறிவிட்டது.

மந்திரத்துக்கும் இங்கே விலை உண்டு. ஓர்க் மந்திரவாதி குல்டான் வேறு உலகத்துக்கு வாசல் திறப்பது கைதிகளின் உயிரை உறிஞ்சித்தான். டுரோடன் அவனை ‘மக்கோரா’ என்னும் ஒண்டிக்கு ஒண்டிச் சண்டைக்கு அழைக்கும்போது, குல்டான் அதே பச்சை மந்திரத்தால் ஏமாற்றி வெல்கிறான். சுற்றி நிற்கும் ஓர்க்குகளின் முகத்தில் வெற்றிக் களிப்பு இல்லை, அருவருப்பு தெரிகிறது. பிறகு மன்னனின் உடலை மீட்க வந்த மனிதப் படைத்தலைவன் லோதார், பகைவர் நடுவில் அதே முறைப்படி ஓர்க் போர்த்தலைவன் பிளாக்ஹேண்டை நொடியில் வீழ்த்துகிறான். கொல்லுங்கள் என்று குல்டான் கத்துகிறான். ஒருவரும் அசையவில்லை. வென்றவனுக்கு வழி விடுவது அவர்கள் மரபு. தலைவனின் ஆணையைவிட விதி பெரிது என்று ஒரு கூட்டம் மௌனமாக முடிவு செய்யும் அந்தச் சில விநாடிகள், இந்த வகைப் படங்களில் நான் கண்டவற்றுள் ஆகச் சிறந்தவை.

குறைகள் கொஞ்சமல்ல. அசெரோத், டிரேனார், டாலரான், காரஸான் என்று பெயர்கள் ஆரம்பத்திலேயே வந்து கொட்டுகின்றன. மனிதர்களின் கவசங்கள் வாடகைக் கடையிலிருந்து அன்று காலை வந்தவை போல மின்னுகின்றன. ஓர்க்குகளின் தோலிலும் தந்தத்திலும் காட்டிய அக்கறையில் பாதியை மனிதப் பாத்திரங்களுக்கு எழுத்தில் காட்டவில்லை. காவலன் மெடிவின் வீழ்ச்சியை அவசரத்தில் முடித்துவிட்டார்கள். படம் கடைசியில் ஒரு குழந்தையைக் கூடையில் வைத்து ஆற்றில் விட்டு அடுத்த பாகத்துக்குக் காத்திருக்கிறது. மேலைநாட்டார் மோசேயை நினைத்திருப்பார்கள், நமக்குக் கர்ணனைத் தவிர யார் நினைவுக்கு வருவார்? அந்த அடுத்த பாகம் வரவேயில்லை. உலக அளவில் 43 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, ஆனால் அதில் பாதி சீனாவில் வந்தது. அமெரிக்காவில் 5 கோடியைக்கூடத் தொடவில்லை.

வசூலை வைத்து இந்த வகையை அளப்பது வீண் என்பதற்கு 2025-இல் வந்த ‘மைன்கிராஃப்ட்’ படமே சாட்சி. கோழி மேல் ஏறி வரும் குட்டிப் பிசாசைத் திரையில் கண்டதும் இளைஞர்கள் கத்திக் கூச்சலிட்டுப் பாப்கார்னை வாரி இறைத்தார்கள். தெரிந்த முகத்தைக் கண்ட குதூகலம் அது. படத்தின் தரத்துக்குக் கிடைத்த மதிப்பெண்ணாக அதை எண்ண முடியாது.

விதியை வைத்தே படத்தை நடத்த முடியும் என்று காட்டியது, வேடிக்கையாக, வீடியோ கேமிலிருந்து வராத படம். 1974-இல் தொடங்கிய பகடை ஆட்டமான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, பின்னால் வந்த பல வீடியோ கேம்களுக்குத் தாய்வீடு. அதன் 2023 திரைப்படத்தில் ஒரு மயானக் காட்சி வருகிறது. மந்திரத்தால் எழுப்பிய பிணத்திடம் ஐந்து கேள்விகள்தான் கேட்கலாம். நம் ஆட்கள் வாய் தவறி உளறுவதெல்லாம் கேள்விக் கணக்கில் சேர்ந்துவிட, பிணம் மறுபடி சாய்ந்துவிடுகிறது. அடுத்த குழியைத் தோண்ட வேண்டியதுதான். விதியை நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதே விதியால் சிரிக்க வைக்கிறார்கள்.

இந்தக் கோலில் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ அழகான தோல்வி, ‘வார்கிராஃப்ட்’ கரடுமுரடான பாதி வெற்றி. இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் உண்டென்றால் இரண்டாவதைப் பாருங்கள். தொடக்கத்தில் கொட்டும் பெயர்களை மனப்பாடம் செய்ய முயல வேண்டாம், டுரோடனைப் பிடித்துக்கொண்டு போனால் போதும்.