இமை எழுதிய நூல்

கண்ணாற் கருத்துணர்த்தல் இலக்கியத்துக்குப் புதிதன்று. திருக்குறளிலே 'குறிப்பறிதல்' என்னும் பெயரால் இரண்டு அதிகாரங்கள் உள. ஆயின், குறிப்பு வேறு, சொல் வேறு. குறிப்பின் பொருளைக் காண்பவன் துணிகின்றான். சொல்லையோ சொல்பவனே தேர்கின்றான். இவ்வேற்றுமையை நன்கு புலப்படுத்துவது, பிரெஞ்சுப் பத்திரிகையாசிரியர் ஜோன் டொமினிக் போபி இயற்றி 1997ஆம் ஆண்டில் வெளிவந்த 'நீர்மூழ்கிக் கவசமும் வண்ணத்துப்பூச்சியும்' என்னும் நூலாகும்.

பாரிஸில் 'எல்' சஞ்சிகையின் பிரதம ஆசிரியராக விளங்கிய போபி, 1995 டிசெம்பர் 8ஆம் திகதி மூளைத்தண்டிற் பாரிசவாதந் தாக்கப்பெற்றார். அறிவு குன்றவில்லை, தலையைச் சிறிது அசைத்தலும் இடக்கண் இமைத்தலுமே எஞ்சின. பேர்க் என்னும் கடற்கரையூர் வைத்தியசாலையிலே, கிளோட் மாந்திபில் என்னும் பெண்மணி எழுத்துக்களைப் பிரெஞ்சு மொழியில் அவை மிகுதியாய் வழங்கும் முறையில் வாசிப்பார். வேண்டிய எழுத்து வருங்கால் போபி இமைப்பார். நூல் முழுவதும் இவ்வாறே உருவாயிற்று. அது வெளிவந்து சில நாட்களுள் ஆசிரியர் காலமானார்.

இவ்விடரே நடையையும் வகுத்தது. வாக்கியங்களை மனத்துள்ளே பலகாற் திருத்தி, மனனஞ் செய்த பின்னரே அவர் வெளியிட்டார். ஆதலின் வீண்சொல் அரிது. தன்னிரக்கம் தலைதூக்குமிடத்தில் நகைச்சுவை அதனை அடக்குகின்றது. சிற்றத்தியாயங்களிடையே தொடர்ச்சி தளர்தல் குறையே எனினும், நூலின் சுவையை அது கெடுக்கவில்லை.

நூலின் உயிர்நிலை ஒரு சிறு நிகழ்ச்சியாகும். மூக்குக்கண்ணாடி கேட்க முயன்றவரிடம், சந்திரன் எதற்கு என வினவினர். பிரெஞ்சில் 'லுனெற்' மூக்குக்கண்ணாடி, 'லூன்' சந்திரன், இரண்டும் ஒரே எழுத்துக்களோடு தொடங்குவன. சொல் முடியுமுன் கேட்போர் முடிவு செய்தனர். சொல் மீண்டும் குறிப்பாயிற்று.

இன்று இமையின் பணியைப் பொறி ஏற்கின்றது. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர், 2023இல், அதே நோயாற் பேச்சிழந்த பெண்ணொருவரின் மூளைமேற் பரப்பிய 253 மின்வாய்களால், அவர் பேச முயலுங்கால் எழும் மின்னலைகளைச் சொற்களாக்கினர். வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 சொற்கள். எனினும் நூற்றில் ஏறத்தாழ 25 பிழைத்தன. இப்பிழை மேலும் குறைதல் கூடும். ஆனால், அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துத் துணைசெய்யும் ஏற்பாடும் அப்பொறியில் உண்டு. போபிக்கு நேர்ந்த பிழை நகைப்புக்கிடமாகித் தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது. பொறியின் பிழையோ இலக்கணம் வழுவாது, பொருந்திய சொல்லாகவே தோன்றலாம். அதனைக் கேட்போர் எங்ஙனம் அறிவர்?

ஆதலின், விரைவு மட்டும் பேச்சாகாது. 'நான் கருதியது அதுவன்று' என மறுக்கும் உரிமை எவரிடத்துளதோ, அவரே சொல்லுக்கு உரியவர். போபியின் நூல் கற்பிக்கும் உண்மை இதுவே.