தாய்மொழியில் வினா, ஆனால் அளவுகோல் யாருடையது?

தாய்மொழியில் தேர்வு நடத்திவிட்டால் குழந்தையின் அறிவைச் சரியாக அளந்துவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். இது பாதி உண்மையே.

2021 நவம்பர் 12 அன்று தேசிய அடைவு ஆய்வு 22 மொழிகளில் நடைபெற்றது. ஏறத்தாழ 34 லட்சம் மாணவர் அதில் பங்கேற்றனர். மொழிகள் பலவாயினும், வினாக்கள் ஓரிடத்தில் ஆக்கப்பட்டு மொழிபெயர்க்கப்பட்டவை. மாநிலங்களை ஒப்பிட இம்முறை உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தனி ஒரு குழந்தையை இவ்வாறு எடைபோடலாமா?

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையை எடுத்துக்கொள்வோம். தறி ஓடும் வீட்டுப் பிள்ளை பாவு, ஊடை, கரை, முந்தி என்னும் சொற்களோடு வளர்கிறது. ‘ஒரு வரிசைக்கு 8 புட்டா, 6 வரிசைக்கு எத்தனை?’ என்றால் அதற்குக் கணக்கு கண்முன் நிற்கும். அதே பெருக்கலைப் பனிச்சறுக்கு விளையாட்டை வைத்துக் கேட்டு விடை தவறினால், தவறியது பெருக்கலா, வினா புரியாமையா? மதிப்பெண் அதைச் சொல்லாது. பாத்திரத்தின் எடையைக் கழிக்காமல் எண்ணெயை நிறுப்பது போன்றது இது.

பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் தெருவில் பொருள் விற்ற சிறுவர் ஐவரை ஆராய்ந்து 1985இல் கராஹெர் முதலிய மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விற்பனையின்போது அச்சிறுவர் கூறிய விடைகளில் நூற்றுக்கு 98 சரியானவை. அத்தகைய கணக்குகளையே வெறும் எண்களாகக் கொடுத்தபோது சரியானவை நூற்றுக்கு 37 மட்டுமே! ஐவரை மட்டும் கொண்டு பொதுவிதி வகுக்க இயலாது. எனினும், எழுத்துத் தேர்வில் தோற்றவர் கணக்கறியாதவர் என்று கூறவும் இயலாது.

ஹவாய்த் தீவுகளில் 1896ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆங்கிலமே பயிற்றுமொழியாயிற்று. 1987இல் அரசுப் பள்ளிகளில் ஹவாய் மொழிவழி வகுப்புகள் தொடங்கின. மொழிபெயர்த்த தேர்வு பொருந்தாமற் போகவே, பின்னர் அம்மொழியிலேயே வினாக்கள் ஆக்கப்பட்டன.

இங்கும் ஆசிரியர் அதைச் செய்யலாம். முதலில் தெரிந்த பொருளில் வினவுக. அடுத்து அதே கணக்கைத் தெரியாத பொருளில் வினவுக. முதலாவது சரியாகி இரண்டாவது தவறினால், கற்பிக்க வேண்டியது பெருக்கல் அன்று. வினாவைப் படித்துணரும் திறன்.

நெசவாளர் பிள்ளைக்குத் தறிக்கணக்கு மட்டும் போதும் என்பது இதன் பொருளன்று. அப்படி நிறுத்தினால் பிள்ளையைத் தறியிலேயே கட்டிப்போட்டதாகும். தெரிந்ததில் தொடங்கித் தெரியாததற்கு அழைத்துச் செல்வதே கல்வி. அளவிலேயே பிழை செய்து, ‘மந்தம்’ என்று முத்திரை குத்தினால், அந்தப் பயணம் தொடங்குமுன்பே நின்றுவிடும்.