தேயிலை விளம்பரமும் ஒரு திரைப்படமும்

திரைக்கதையினூடே வணிகப் பொருளொன்றை நுழைத்து விளம்பரஞ் செய்தல் அண்மைக்காலப் புதுமையெனப் பலர் கருதுவர். 1982இல் வெளிவந்த 'ஈ.ரி.' என்னும் அமெரிக்கப் படத்திலே, வேற்றுலக உயிரைச் சிறுவன் இனிப்பிட்டு அழைக்குங் காட்சியையே இதற்கு எடுத்துக்காட்டுவர். ஆயின், இதனினும் நுட்பமான விளம்பரமொன்றுக்குக் கண்டி மலைநாடு ஏறக்குறைய அரை நூற்றாண்டின் முன்னரே களமாயிற்று.

உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை வீழ்ந்திருந்த காலம் அது. 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை தோன்றியது. மறு ஆண்டிலே ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையும் எழுந்தது. அச்சபையின் பொருளுதவியுடன் பேசில் றைற் என்னும் ஆங்கிலேயர் 1934இல் ஈண்டு வந்து எடுத்த படமே 'சோங் ஒவ் சிலோன்'. தயாரித்தவர் ஜோன் கிறியர்சன். 1935இல் பிரசெல்ஸ் திரைப்பட விழாவில் அது முதற்பரிசு பெற்றது.

சிவனொளிபாத யாத்திரையும் கண்டிய நடனமும் இப்படத்திலே சிறப்பிடம் பெறுகின்றன. விளக்கவுரையோ, 1660 முதல் 1679 வரை கண்டியரசிலே சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலினின்றும் எடுத்தது. அதனைப் படித்த குரல் கொழும்புக் கலைஞர் லயனல் வென்ற்ருடையது. தேயிலையை வாங்குக என்று எவருங் கூவுவதில்லை. அதன் வலிமையே அதுதான். பிற்காலத்தார் பொருளைக் காட்சிக்குள் ஒளித்தனர். றைற்றோ நாடு முழுவதையுமே பொருளின் மேலுறையாக்கிவிட்டார்.

கலைத்திறனைக் குறைகூறுதற்கில்லை. மூன்றாம் பகுதியிலே, சந்தை விலை கூறும் குரல்கள் மலைக்காட்சிகளின்மீது வந்து மோதும்போது, பணந் தந்தோரையே படம் ஐயுறுகின்றதோ என எண்ணத் தோன்றும். ஆயினும் ஒரு குறை பெரிது. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரிலே தொடக்கிய தேயிலைத் தொழில், தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பாலேயே மலையெங்கும் பரந்தது. அவர்தம் கைகள் கொழுந்து பறிப்பதைத் திரை காட்டுகின்றது. கூலி எவ்வளவு, லயத்து அறையின் அகலம் எவ்வளவு என்னும் வினாக்களுக்கோ அங்கு இடமில்லை. தேயிலைப் பணத்தில் எடுத்த படத்திலே தேயிலைத் தொழிலாளி வழிப்போக்கன் போலாகின்றான்.

பதினான்கு ஆண்டுகளின் பின், 1948இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. அதற்கு இப்படம் காரணமன்று. எனினும், இலங்கையின் பாடல் எனப் பெயர் பூண்டதொன்றிலே அவர்க்குப் பாட்டில்லாமை தற்செயலெனத் தள்ளத்தக்கதன்று. கண்டியிலோ பேராதனையிலோ இப்படத்தைத் திரையிடுவோர், மறுநாள் மாணவரை லூல்கந்துரவுக்கும் அழைத்துச் செல்வாராயின் நன்று.